கடைசிக் குழாய்

அப்பா பல் தெரியச் சிரித்த படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கல்யாண ஆல்பத்திலும் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்கிறார். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். முன்பற்கள் எல்லாவற்றிலும் பட்டை பட்டையாகக் காவிக் கறை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அவர் வயதுக்காரர்களிடம் இது சாதாரணம். பல் துலக்காததால் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது பாறையிலிருந்து தண்ணீரில் இறங்கும் ஃபுளோரைடு செய்த வேலை. நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதிலேயே அதன் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரின் கணக்கு சாகும்வரை வாயில் இருக்கும். காய்ச்சிக் குடித்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும்.

அந்த அப்பா 33 வருடம் நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தார். எங்கள் ஊர் வரலாறு என்று யாராவது பேச ஆரம்பித்தால் தகடூர் அதியமான் வருவார், ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி வரும். அங்கிருந்து ஒரே தாண்டலில் 1792-க்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாரமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் நிலத்தை அளந்து வரி போட்ட கதை வரும். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானதையும் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். விடியற்காலையில் சாக்கடை ஓரமாக நடந்து போனவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றியாவது எழுதி வைக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

பியுசி முடித்ததும் அப்பா திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் ஒரு வருட சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பில் சேர்ந்தார். சாக்கடைக்கு எவ்வளவு வாட்டம் விட வேண்டும், கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்க வேண்டும், வெட்டிய ஆட்டில் எந்த உறுப்பைப் பார்த்து நோய் கண்டுபிடிப்பது எல்லாம் அங்கே கற்றது. அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. செப்டிக் டேங்க் படங்களைக் கோயில் கோபுரம் வரைவது போல அத்தனை கவனமாக வரைந்திருக்கிறார். 1983-இல் வேலை கிடைத்தது. 'இன்ஸ்பெக்டர்' என்றதும் கிராமத்தில் போலீஸ் என்று நினைத்துவிட்டார்கள். தாத்தா அதைத் திருத்தவில்லை. அப்பா ஒவ்வொரு வீடாகப் போய்த் திருத்தினார்.

முதல் வேலை பார்த்த ஊரில் அப்போதும் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் திறக்கும் சின்னக் கதவு, உள்ளே தகரம். அதைக் கையால் எடுத்து வாளியில் போட்டு வண்டிக்குக் கொண்டுபோன பெண்கள் பெரும்பாலும் அருந்ததியர். அந்தச் சந்தில் முதல் நாள் நின்றதைப் பற்றி அப்பா ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார். "அந்த அம்மா என்னைப் பார்த்ததும் வாளியை முந்தானையால மூடுச்சு. எனக்கு நாத்தம் அடிக்கக் கூடாதாம்." அதற்குப் பிறகு, கையால் அள்ளத் தேவையில்லாத நீர் அடைப்புக் கழிப்பறை கட்ட மானியம் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் விண்ணப்பம் வாங்குவதுதான் அவர் சாயங்கால வேலை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து சட்டம் வந்தது 1993-இல். அது போதாமல் 2013-இல் இன்னொன்று வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே தன் பகுதியில் அந்தச் சின்னக் கதவுகளில் பாதியைச் செங்கல் வைத்து அடைக்க வைத்திருந்தார். அவர் செய்த வேலைகளிலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அவர் வேறொன்றைச் சொல்வார். அதற்கு வருகிறேன்.

காலை 5.30-க்கு மஸ்டர், அதாவது பணியாளர்களின் வருகைப் பதிவு. அதற்காக 4.45-க்கே எழுந்துவிடுவார். மார்கழியில் தருமபுரியில் பனி இறங்கி எதிரே வருபவர் முகம் தெரியாது. அந்தப் பனியில் டிவிஎஸ் 50-யைக் கிளப்பிக்கொண்டு போவார். டிவிஷன் ஆபீஸ் என்பது ஒற்றை ட்யூப்லைட் எரியும் ஓர் அறை. மேசையில் நீள வருகைப் பதிவேடு. கையெழுத்துப் போடுபவர்கள் போடுவார்கள், மற்றவர்கள் கட்டைவிரலை மையில் ஒற்றி வைப்பார்கள். மேஸ்திரி யாருக்கு எந்தத் தெரு என்று சொல்லுவார். துடைப்பம், மம்பட்டி, தள்ளுவண்டி. பலரும் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். அப்பா அவர்களிடமே தெலுங்கு கற்றுக்கொண்டார். வயதில் மூத்த பெண்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரை "எஸ்.ஐ. சார்" என்பார்கள். யாராவது வரவில்லை என்றால் ஆப்சென்ட் போடுவதற்கு முன்னால் காரணம் கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போயாச்சா என்பதுதான் அடுத்த கேள்வி.

திரும்பி வரும்போது பின்கட்டில் அம்மா வேப்பிலை போட்ட வெந்நீர் வைத்திருப்பார். குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. குழந்தையாக நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தால் கையை நீட்டித் தடுப்பார். "இரும்மா, அப்பா ஊரைச் சுத்திட்டு வந்திருக்கன்." அவர் மேல் எப்போதும் லேசாக பிளீச்சிங் பவுடர் வாசனை இருக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

1993 கோடை. அப்போது அவர் வேலை பார்த்தது தருமபுரியில் இல்லை. வேறொரு நகராட்சி, பெயர் வேண்டாம். எனக்கு எட்டு வயது. அதற்கு முந்தைய வருடம்தான் சென்னையில் ஓ139 என்ற புது வகைக் காலரா கிளம்பியிருந்தது. சுகாதாரத் துறையில் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த ஊரின் தாழ்வான பகுதியில் ஒரு தெரு. குடிநீர்க் குழாயின் வீட்டு இணைப்புகள் சாக்கடைக்குள்ளேயே ஓடின. நம் ஊர்களில் இது சகஜம். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் சாக்கடை இருக்கும், குழாய் அதைத் தாண்டித்தானே வர வேண்டும்? துருப்பிடித்து ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்தால் போதும். தண்ணீர் விடுகிற நேரத்தில் அழுத்தம் இருப்பதால் ஓட்டை வழியாக வெளியே கசியும். நிறுத்திய பிறகுதான் ஆபத்து. வெறுமையாகும் குழாய் சும்மா கிடக்காது, உறிஞ்சும். சுற்றி நிற்கும் சாக்கடை உள்ளே போகும். மறுபடி தண்ணீர் திறந்ததும் முதல் குடத்தில் அதுதான் வரும். முதல் குடத்தைக் கடைசி வீட்டுக்காரர்கள் பிடிப்பார்கள்.

அப்பா அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு, குழாயை உடனே மாற்ற வேண்டும் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். மூன்று வாரம் கோப்பு ஒரு மேசையில் கிடந்தது. நான்காவது வாரம் வாந்தி பேதி.

நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு பேர் குழந்தைகள். அந்தப் பத்து நாளும் அப்பா வீட்டுக்கு வரவில்லை. அம்மா சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவார், டப்பா பாதி அப்படியே திரும்பி வரும். ஒரு வீட்டில் இருந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக இரவு முழுக்க அப்பாவே கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை பிழைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பிழைக்கவில்லை.

நகராட்சியில் சுகாதார ஆய்வாளர்தான் பிறப்பு இறப்புப் பதிவாளரும். பதிவேட்டில் இறப்புக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வீட்டில் இறந்த ஒரு பெரியவருக்கு அந்தக் கட்டத்தில் 'வயது முதிர்வு' என்று எழுதச் சொன்னார் ஒரு மேலதிகாரி. எண்ணிக்கை கூடினால் பத்திரிகையில் வந்துவிடும் என்ற பயம். அப்பா வயிற்றுப்போக்கு என்றே எழுதினார். தன் பழைய குறிப்பின் நகலையும் எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, 'நிர்வாகக் காரணம்' என்று இருந்தது. அந்த நகலும் பீரோவில்தான் இருக்கிறது. அவர் அதை எனக்குக் காட்டியது என் கல்யாணத்துக்குப் பிறகு. நான்கு பெயரையும் பார்க்காமலே சொன்னார். வயதையும் சொன்னார். 

"குடிக்கிற தண்ணியும் கழுவுற தண்ணியும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே கூடாது. என் வேலை அவ்வளவுதாம்மா," என்றார் அன்றைக்கு.

இப்படித்தான் நாங்கள் தருமபுரி வந்து சேர்ந்தோம். குமாரசாமிப்பேட்டையில் வாடகை வீடு. அப்போது ஊருக்குப் பஞ்சப்பள்ளி சின்னாறு அணைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதோடு போர்வெல் தண்ணீர். அப்பா ஒரு புதுப் பழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். மஸ்டர் முடிந்ததும், அன்றைக்குத் தண்ணீர் விடுகிற பகுதியின் கடைசிக் குழாய்க்குப் போவார். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. பெயர் குளோரோஸ்கோப். ஒரு கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோ டாலிடின் என்ற மருந்தைச் சொட்டுவிட்டுக் குலுக்கினால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று பெட்டியிலிருக்கும் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் நிற்க வேண்டும், நோய்க்காலத்தில் 0.5. டேங்க்கில் எவ்வளவு போட்டோம் என்பது கணக்கே இல்லை. வழியில் அழுக்கு ஏதாவது கலந்திருந்தால் குளோரின் அதோடு சண்டை போட்டுத் தீர்ந்திருக்கும், கடைசியில் நிறம் வராது. நிறம் வராவிட்டால் வழியில் எங்கோ சாக்கடை உள்ளே வருகிறது என்று அர்த்தம். எந்தக் குழாய் என்று தேடிக்கொண்டு தெருவைப் பின்னாலிருந்து முன்னால் நடப்பார். அதைக் கண்டுபிடிக்காமல் காலைச் சாப்பாடு கிடையாது.

பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் நம்பமாட்டார். புதிதாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். காற்றும் ஈரமும் பட்டால் வெறும் சுண்ணாம்பாகிவிடும். மூட்டையைப் பிரித்ததும் கண் எரிய வேண்டும், எரியவில்லை என்றால் வண்டியிலேயே திருப்பி ஏற்றச் சொல்லிவிடுவார்.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் எல்லைப் பகுதி முன்பு பிளேக் நடமாடிய இடம் என்பதால் இங்கே பதற்றம் அதிகம். வீடு வீடாகப் போய், "எலி செத்து விழுந்துச்சா?" என்று கேட்பதுதான் வேலை. எலி செத்த பிறகுதான் தெள்ளுப்பூச்சி மனிதன் மேல் ஏறும், அதனால் எலி விழுவதுதான் முதல் தந்தி என்பார் அப்பா. சந்தைப்பேட்டை மண்டிகளில் புளி மூட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். எங்கள் ஊருக்கு எதுவும் வரவில்லை. வராமல் போன நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

உணவுக் கலப்படம் பிடிப்பதும் அப்போது அவர்களிடம்தான் இருந்தது. 1954-ஆம் வருடச் சட்டம். முழு ஆண்டு விடுமுறையில் ஒரு நாள், எனக்குப் பத்து வயது, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பென்னாகரம் ரோட்டில் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வந்த ஒரு பால்காரரை நிறுத்தினார்கள். அந்த மனிதர் கை நடுங்கியது. "அண்ணா, பயப்படாதீங்க. தண்ணி கலக்கலைன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் அப்பா. அப்புறம் நீள அகப்பையை வாங்கிக் கேனுக்குள் அடிவரை விட்டுக் கலக்கினார். நிறுத்தவே இல்லை, கலக்கிக்கொண்டே இருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டேன். "வர்ற வழியில கொழுப்பு மேல வந்து நிக்கும். அடியில இருந்து எடுத்தா நல்ல பாலும் தண்ணிப் பால்னு ரிசல்ட் வரும். நேர்மையா வித்தவன் ஜெயிலுக்குப் போயிடுவான்."

பாலுக்குக் காசு கொடுத்து ரசீது வாங்கினார். சட்டப்படி விலை கொடுத்துத்தான் மாதிரி எடுக்க வேண்டும். மூன்று பாட்டிலில் சமமாக ஊற்றி, கெடாமல் இருக்க ஃபார்மலின் சொட்டுவிட்டு, மூடி, காகிதம் சுற்றி, மேலிருந்து கீழ்வரை ஒரு சீட்டு ஒட்டி, அந்தச் சீட்டிலும் காகிதத்திலுமாக விழும்படி பால்காரரிடம் கையெழுத்து வாங்கி, நூல் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். ஒரு பாட்டில் சேலத்துப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு. மற்ற இரண்டும் சுகாதார அதிகாரியிடம் பத்திரமாக இருக்கும், வழக்கு வந்தால் மறு ஆய்வுக்கு. அரக்கு வாசனையும் பால் வாசனையும் கலந்த அந்தக் காலை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. முடிவு வந்தது, பால் நல்ல பால். அதற்குப் பிறகு அந்தப் பால்காரர் வழியில் அப்பாவைப் பார்த்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நின்று, "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

2011 ஆகஸ்டு 5-இல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த வேலை தனித்துறைக்குப் போனது. பித்தளை முத்திரையை ஒப்படைத்த அன்று மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

பதிவாளர் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நிறைவாகாது. 1969-ஆம் வருடச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு மாதம்வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் போனால் அதிகாரியின் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் உத்தரவு வாங்கி வர வேண்டும். கூலிக்குப் போகிறவர்கள் அந்த அலைச்சலுக்கு எங்கே போவார்கள்? குழந்தை பிறந்தபோது பெயர் வைத்திருக்கமாட்டார்கள், பதிவேட்டில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். ஒரு வருடத்துக்குள் வந்தால் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம், பதினைந்து வருடம்வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். வரமாட்டார்கள். பத்தாம் வகுப்பிலோ பாஸ்போர்ட் எடுக்கும்போதோதான் நினைவு வரும்.

அப்பா ஒரு பாக்கெட் டைரி வைத்திருந்தார். துப்புரவுப் பணியாளர்களில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அதில் தேதி குறித்துவிடுவார். மஸ்டரில் கையெழுத்து வாங்கும்போதே கேட்பார், "அக்கா, பேத்திக்குப் பேர் வெச்சாச்சா?" வைத்தாயிற்று என்றால் அங்கேயே எழுதிக்கொண்டு, படிவத்தையும் அவரே நிரப்பி, கைநாட்டு மட்டும் வாங்கிக்கொள்வார். எழுத்தில் மிகவும் பிடிவாதம். ஒரு முறை ஒரு குழந்தைக்கு 'நாகவள்ளி' என்று எழுதினார். அந்தத் தாய் 'நாகவேணி' என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் டைரியைப் பார்த்தவருக்குச் சந்தேகம் வந்தது. சாப்பாட்டில் கை வைத்தவர் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார். அம்மா திட்டினார். "ஆயுசுக்கும் அது பேரு. தப்பா இருந்தா ஆயுசுக்கும் தப்பு," என்றார்.

சம்பளத்தைத் தவிர வேறு காசு எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. சொந்த வீடு கட்ட 2009 வரை ஆனது. இலக்கியம்பட்டிப் பக்கம், இரண்டு அறை, கடனில். அவரோடு வேலை பார்த்தவர்களில் மாடி வீடு கட்டியவர்களும் உண்டு, அவரைப் போலவே இருந்தவர்களும் நிறைய உண்டு. நகராட்சி ஊழியர் என்றாலே கை நீட்டுபவர் என்று பேசுபவர்கள் முன்னால் நான் எப்போதும் சண்டைக்கு நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும் வரும் என்று சொல்லியே என் பள்ளிப் பருவம் போனது. 1,928 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பான் கடன். 2008-இல் அடிக்கல், 2013 மே மாதம் தொடக்கம். கண்ணுக்கு எதிரே காவிரி ஓடும் மாவட்டத்தில் பல்லும் எலும்பும் கெட்ட தண்ணீரைக் குடித்து எத்தனை தலைமுறை போயிற்று! அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு. அதைத் தாண்டிய கிணறுகளின் பட்டியல் அப்பாவுக்கு ஊர் ஊராகத் தெரியும். அவர் பிறந்த வீட்டுக் கிணறும் அதில் ஒன்று. காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்த அன்று ஒரு சொம்பு பிடித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அவ்வளவு சாமி கும்பிடுகிறவர் இல்லை.

2016 அக்டோபர் 31-இல் ஓய்வு. அதே மாதம் தமிழ்நாடு முழுக்க நகராட்சி மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்தது, அடுத்த தேர்தல் நடக்க 2022 பிப்ரவரி ஆனது. ஓய்வு பெறும் நாளிலும் மஸ்டருக்குப் போனார். மாலை, சால்வை, இரண்டு பேர் பேச்சு. பணியாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கித் தந்தார்கள். எதற்கு இது என்று அம்மா கேட்டதற்கு மேஸ்திரி, "இனிமே சார் நேரம் பார்த்து எழுந்திரிக்கட்டும்மா," என்றார். 2020-இல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியபோது அந்த மேஸ்திரிக்குத்தான் அப்பா முதலில் போன் செய்தார்.

கடிகாரம் கூடத்தில் ஓடுகிறது. அவர் 4.45-க்கே எழுந்துகொள்கிறார்.

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை பஸ் பிடித்து மகளோடு வந்துவிடுவேன். அவள் 2014-இல் பிறந்தவள், பல் எல்லாம் பளீரென்று வெள்ளை. வந்ததும் தாத்தா அவளை வாயைத் திறக்கச் சொல்லி, மாட்டுச் சந்தையில் பார்ப்பது போலப் பார்ப்பார். அவளுக்கு அது பழகிவிட்டது. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது விடியற்காலையில் இருவரையும் காணோம். தேடிக்கொண்டு போனேன். தெருக்கோடியில் கடைசி வீட்டு வாசலில், அந்த வீட்டு அக்கா குடத்தோடு காத்திருக்க, அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குளோரோஸ்கோப் பெட்டி மடியில். மருந்தைப் பழைய சகா ஒருவர் கொண்டுவந்து கொடுக்கிறார். இப்போது இளஞ்சிவப்பு காட்டும் மாத்திரை வந்துவிட்டது, இவருக்கு மஞ்சள்தான் நம்பிக்கை. சொட்டு மட்டும் அவரே விட்டார், அது கையில் படக் கூடாத மருந்து. குழலை மூடிக் குலுக்கி, வெளிச்சம் வருகிற கிழக்குப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். கண் முன்பு போல இல்லை.

"மஞ்சள் வருதா பாரு கண்ணு."

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "லேசா வருது தாத்தா."

"எந்தக் கட்டம் மாதிரி இருக்கு?"

இரண்டாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் பையிலிருந்து டைரியை எடுத்துத் தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார். பிறகு அந்த அக்காவைப் பார்த்து, "பிடிச்சுக்கம்மா" என்றார்.